மறு: மறு: வறுக்கும் டிரம்முக்குப் பணம்

ஊர்க்காரர்கள் எல்லோருக்கும்,

மேலத்தெரு சின்னம்மா ஊரிலிருந்து அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பால் சங்கக் கிடங்கில் சுவரை ஒட்டி அடுக்கிய கடலைப் புண்ணாக்கு பச்சை பூத்திருக்கிறது. டிரம் வாங்கி வறுத்தால் சரியாகிவிடும் என்று பணம் கேட்கிறார்கள். ஆகாது. வறுத்தால் பூஞ்சை சாகும். அது விட்ட அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஓரளவு குறையுமே தவிரப் போகாது. முழுதாகச் சிதைய 240 டிகிரிக்கு மேல் வேண்டும், அதற்குள் புண்ணாக்கு கரியாகிவிடும். மாடு தின்ற மறுநாளே நஞ்சு பாலில் வரும், காய்ச்சினாலும் நிற்கும். அந்தத் தீனியை நிறுத்தினால் 3, 4 நாளில் பால் தெளியும். அந்த மூட்டைகளை இன்றே ஒதுக்கச் சொல்லுங்கள். கோழிக்கும் வாத்துக்கும் தள்ளிவிட வேண்டாம், மாட்டைவிட வாத்து சீக்கிரம் சாகும்.
தெற்குத்தெரு, தோஹா

தம்பி, போன வருடம் தார்ப்பாய் வாங்கிய ரசீதே இன்னும் வரவில்லை. கிடங்கில் 2 டன் தீனி இருக்கிறதாம். களிமண் கலந்தால் போதும் என்கிறார்கள். எத்தனை கிலோ? கணக்காகச் சொல்லுங்கள்.
கீழத்தெரு, சிங்கப்பூர்

அண்ணே, அந்தக் களிமண்ணின் பெயர் பெண்டோனைட், டன்னுக்கு 5 முதல் 10 கிலோ. 2 டன்னுக்கு 20 கிலோவைத் தாண்ட வேண்டாம். கூடினால் தாது உப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். முதலில் 40 கிலோ தவிட்டில் கலந்து, அந்தத் தவிட்டை மொத்தத் தீனியில் புரட்ட வேண்டும். நேரே கொட்டினால் ஒரு மாட்டுக்கு அள்ளிப் போகும், இன்னொன்றுக்கு இருக்காது. எர்த் குழிக்கும் போர்வெல்லுக்கும் விற்கிற பெண்டோனைட் கூடவே கூடாது, தீவனத் தரம் என்று மூட்டையில் போட்டிருக்க வேண்டும். இது நஞ்சை அழிப்பதில்லை, குடலில் பிடித்துச் சாணத்தோடு வெளியேற்றுகிறது. பாலில் வருவது குறையும், நிற்காது. பூத்த மூட்டைக்கு இது மருந்தில்லை. அமோனியாவால் நஞ்சைச் சிதைக்கும் முறை ஆலையில் அழுத்தத்தில் செய்வது, செனகலில் கடலைப் புண்ணாக்குக்குச் செய்தார்கள். நம் கிடங்கில் யாரும் முயல வேண்டாம்.
தெற்குத்தெரு, தோஹா

நம் ஊர்க் கடலையைக் குறை சொல்ல ஒருவரும் இருந்ததில்லை. களத்தில் காய்ந்த காயைக் குலுக்கினால் சலசலவென்று கேட்கும். கிணற்று விவகாரத்தில் பேர் கெட்டது போதாதா? இதையும் ஊரெல்லாம் பரப்ப வேண்டுமா?
வடக்குத்தெரு, டொராண்டோ

மாமா, இதில் ஊருக்கு அவமானம் இல்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்ததும் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கால்தான். நீங்கள் சொன்ன சலசலப்புதான் சரியான சோதனை. அப்படிக் காய்ந்த காயை இப்போது என்ன செய்கிறார்கள்? பருப்பு உடையாமல் இருக்க மிஷினில் போடுவதற்கு முன் தண்ணீர் தெளிக்கிறார்கள், எடையும் நிற்கிறது. பருப்பில் ஈரம் 7 சதவீதத்தைத் தாண்டினாலே ஆபத்து. பிறகு சுருங்கியது, ஓட்டை விழுந்தது, நிறம் மாறியது எல்லாவற்றையும் பொறுக்கி நல்ல பருப்பை விற்கிறார்கள். பொறுக்கியது சரியான வேலை, நஞ்சில் பெரும்பங்கு அந்தச் சில பருப்பில்தான் இருக்கும். ஆனால் அந்தச் சொத்தை செக்குக்குப் போகிறது. எண்ணெயோடு கொஞ்சம் போக, மிச்ச நஞ்சு முழுவதும் புண்ணாக்கில் தங்கி மாட்டுக்கு வருகிறது. அந்தச் சொத்தையை மண்ணில் புதைக்க வேண்டும். டிரம் வேண்டாம். ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று, மூட்டைக்கு அடியில் மரப்பலகை, சுவரிலிருந்து ஒன்றரை அடி இடைவெளி. சோதனைக்கு அனுப்பினால் ஒரு மூட்டையில் ஒரு கைப்பிடி போதாது. எல்லா மூட்டையிலும் மேல், நடு, அடி எடுத்து, ஒன்றாக அரைத்துக் கலந்து அனுப்பச் சொல்லுங்கள்.
தெற்குத்தெரு, தோஹா

மீட்டருக்கு என் பங்கு தயார். தார்ப்பாய் ரசீது வந்த அன்றே அனுப்புகிறேன்.
கீழத்தெரு, சிங்கப்பூர்