கொலாஜன் பொடி குடித்தால் முட்டிக்குப் போய்ச் சேருமா?

ஜெயநகர் மருமகள்:
அனைவருக்கும் வணக்கம். பெங்களூருவில் எங்களுடன் இருக்கும் என் மாமியாருக்கு மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது. பக்கத்து மருந்துக்கடையில் கொலாஜன் (தோல், எலும்பு, குருத்தெலும்பு ஆகியவற்றில் இருக்கும் ஒரு புரதம்) பொடி டப்பா ஒன்றைக் கொடுத்து, தினமும் ஒரு கரண்டி பாலில் கலந்து குடித்தால் தேய்ந்த குருத்தெலும்பு வளர்ந்துவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளோ, "புரதமெல்லாம் வயிற்றிலேயே செரித்துவிடும் என்றுதானே பாடத்தில் இருக்கிறது, அது எப்படிப் பாட்டியின் முட்டி வரை முழுதாகப் போகும்?" என்று கேட்கிறாள். யாராவது விளக்க முடியுமா?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், யஷ்வந்த்பூர்:
உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி, அம்மா. பழைய சங்கிலியை ஆசாரியிடம் கொடுத்து உருக்கிய பிறகு, அந்தத் தங்கம் வளையலாகுமா மூக்குத்தியாகுமா என்பதை வீட்டுத் தேவைதான் தீர்மானிக்கும். அதைப் போலவே, நாம் உண்ணும் புரதத்தை இரைப்பையில் பெப்சினும் சிறுகுடலில் டிரிப்சின் முதலிய நொதிகளும் அறுத்து, புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களாகவும் இரண்டு மூன்று அமிலங்கள் கோத்த சிறு துண்டுகளாகவும் ஆக்கிவிடுகின்றன. உடலின் புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களிலிருந்து கட்டப்படுகின்றன. அவற்றுள் 9 உணவிலிருந்தே வந்தாக வேண்டும். கொலாஜனில் அந்த ஒன்பதில் ஒன்றான டிரிப்டோபன் கிடையாது; ஆகவே புரத உணவாகப் பார்த்தாலும் அது குறையுள்ளதுதான். அரிசியில் குறைவாக இருக்கும் லைசினை உளுந்து ஈடுசெய்கிறது, உளுந்தில் குறைவான மெத்தியோனினை அரிசி ஈடுசெய்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் வீட்டு இட்லி மேலானது.

கொலாஜனின் அமைப்பை நம்மவர்கள் கொஞ்சம் பெருமையோடே தெரிந்துகொள்ளலாம். மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட கயிறு போன்ற வடிவத்தை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முன்வைத்தவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ராமச்சந்திரன் பிற்காலத்தில் நம் பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றினார். ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் வருகிறது, ஏனெனில் முறுக்கின் நடுவில் அடங்கும் அளவுக்குச் சிறிய அமினோ அமிலம் அது ஒன்றுதான். கயிற்றை உறுதிப்படுத்தும் ஹைட்ராக்சி புரோலின் என்ற அமினோ அமிலத்துக்கோ மரபுக் குறியீடே இல்லை; அதாவது, இழையைக் கோக்கும்போது அதை நேரடியாகச் சேர்க்கும் கட்டளை மரபணுவில் கிடையாது. முதலில் புரோலின் கோக்கப்படுகிறது. பிறகு இரும்பையும் வைட்டமின் சி-யையும் துணைக்கொண்டு ஒரு நொதி அதை மாற்றுகிறது. ஆகையால் பொடியில் வரும் ஹைட்ராக்சி புரோலினை உடல் அப்படியே எடுத்துப் புதிய கொலாஜனில் பொருத்தவே முடியாது. நெல்லிக்காயும் கொய்யாவும் கிடைக்கும் ஊரில் வைட்டமின் சி-க்கும் பஞ்சமில்லை.

ஆய்வக மாணவன்:
ஐயா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அந்தச் சிறு துண்டுகளில் சில, குறிப்பாகப் புரோலினும் ஹைட்ராக்சி புரோலினும் இணைந்தது, இரத்தத்தில் முழுதாகவே காணப்படுகின்றன. அவை கட்டுமானப் பொருளாக அல்லாமல், செல்களைத் தூண்டும் சமிக்ஞையாகச் செயல்படக்கூடும் என்பதுதான் பொடிக்கு ஆதரவாகப் பேசுவோரின் வாதம். வலி சற்றுக் குறைந்ததாகச் சில சோதனைகள் கூறினாலும் தேய்ந்த குருத்தெலும்பு வளர்ந்துவிடும் என்பது மிகையான பேச்சு. எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இன்னொன்று, உங்கள் மாமியார் சைவமாக இருந்தால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கொலாஜன் விலங்குகளின் தோல், எலும்பு, மீன் செதில் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுவது. 'மரைன்' என்றால் மீன், 'போவைன்' என்றால் மாடு.

ஜெயநகர் மருமகள்:
இருவருக்கும் நன்றி. மகள் கிளைசின் கதையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், பொடி எழுத்தில் 'போவைன்' என்றுதான் இருக்கிறது. ஏகாதசி விரதம் தவறாத அத்தை பத்து நாளாக அதைப் பாலில் கலந்து குடித்திருக்கிறார்; இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.