துணைநூற்பட்டியலில் எந்த ஆண்டை எழுதுவது?

பதினொன்றாம் வகுப்பு மாணவி:
புறநானூறு அச்சேறிய வரலாற்றைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை, துணைநூற்பட்டியல் சரியில்லை என்று எங்கள் ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். உ. வே. சாமிநாதையர் இந்நூலை 1894இல் பதிப்பித்தார். நான் பயன்படுத்தியதோ பிற்கால மறுபதிப்பு. இவற்றுள் எந்த ஆண்டை எழுத வேண்டும்? புலவர் பலர் பாடிய தொகைநூலுக்கு யாரை ஆசிரியராகக் காட்டுவது?

ஓய்வுபெற்ற நூலகர்:
நீங்கள் புரட்டிப் படித்த பதிப்பின் ஆண்டையே எழுதுங்கள். பக்க எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால், 1894 என்று எழுதிவிட்டு மறுபதிப்பின் பக்கத்தைக் காட்டினால், தேடிச் செல்பவருக்கு அந்தப் பக்கத்தில் வேறொன்றுதான் கிடைக்கும். முதற்பதிப்பின் ஆண்டை அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொள்ளலாம். தொகைநூலைப் பதிப்பாசிரியர் பெயரில் 'சாமிநாதையர், உ. வே. (ப.ஆ.)' என்று தொடங்குவது வழக்கம். பட்டியலைத் தானாக அமைத்துத் தரும் மென்பொருள்களை மட்டும் நம்பிவிடாதீர்கள். அவை கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொண்டு முன்னால் தள்ளிவிடும். நம்மில் பலர் தம் பெயருக்குப் பின்னால் தந்தை பெயரை எழுதுவதால், நூலை எழுதியவரை விட்டுவிட்டு அவருடைய தந்தையை அகரவரிசையில் ஏற்றிவிடும் விபரீதத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தமிழாசிரியை ஒருவர்:
நூலகர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பாடலை மேற்கோள் காட்டும்போது பக்க எண்ணைவிடப் பாடல் எண்ணே பயன்படும். 'யாதும் ஊரே' என்னும் கணியன் பூங்குன்றனார் பாட்டுக்கு, கட்டுரைக்குள் 'புறம். 192' என்று குறித்தால் எந்தப் பதிப்பிலும் கண்டுபிடித்துவிடலாம். உரையாசிரியரின் விளக்கத்தையோ பதிப்பாசிரியரின் முன்னுரையையோ எடுத்தாளும்போது பக்க எண் கட்டாயம் வேண்டும்.

மாணவி:
மிக்க நன்றி. முன்னுரையை மட்டும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில், ஒளிவருடிய பக்கங்களாகப் படித்தேன். அதை நூலாகக் காட்டுவதா, இணையதளமாகக் காட்டுவதா? விக்கிப்பீடியாவிலிருந்து ஒரு செய்தியும் எடுத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற நூலகர்:
ஒளிவருடிய பக்கம் அச்சு நூலின் படமே என்பதால், அந்தப் பக்கங்கள் எந்தப் பதிப்பைச் சேர்ந்தவை என்று தலைப்புப் பக்கத்தில் பார்த்து நூலாகவே காட்டி, இறுதியில் மின்னூலகத்தின் பெயர், இணைய முகவரி, பார்த்த நாள் ஆகியவற்றைச் சேர்த்துவிடுங்கள். விக்கிப்பீடியாச் செய்திக்கு அதன் அடிக்குறிப்பில் உள்ள நூலைத் தேடிப் படியுங்கள். படித்தால் அந்த நூலையே காட்டலாம். அது கிடைக்காவிட்டால் விக்கிப்பீடியாவையே குறிப்பிடுங்கள். பார்க்காத நூலைப் பார்த்ததாக எழுதுவதைவிட அது நேர்மையானது.