ஜேன் அயரும் அத்தை மகனும்

குடியாத்தம்_பொண்ணு:
ஆயாவுக்கு ராத்திரியில் சார்லட் பிராண்டியின் இங்கிலீஷ் நாவல் 'ஜேன் அயர்' கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வருகிறேன். ஆயா முறத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டே கேட்கும். பைத்தியமான மனைவியை மாடியில் பூட்டி வைத்த, ஜேன் காதலித்த ரோசெஸ்டரைக்கூட "ஆம்பளைங்க அப்படித்தான்" என்று விட்டுவிட்டது. செயின்ட் ஜான் பாதிரியார் வந்ததும்தான் கை நின்றது. இந்தியாவுக்கு ஊழியத்துக்குப் போகிறேன், மனைவியாகக் கூட வா என்கிறான். வருகிறேன், ஆனால் தங்கையாகத்தான் வருவேன் என்கிறாள் ஜேன்.

"அவன் அவளுக்கு என்ன முறை?" என்றது ஆயா. அட, செயின்ட் ஜானின் அம்மா ஜேனுடைய அப்பாவின் கூடப்பிறந்தவள். சொந்த அத்தை மகன்! மூன்று தடவை படித்தும் எனக்கு உறைக்கவில்லை. இங்கிலீஷில்தான் எல்லாருமே 'கசின்' ஆச்சே. "அத்தை மகனைப் போய் அண்ணன்னு கூப்புடுவாளா!" என்று ஆயா முறத்தைத் தள்ளி வைத்துவிட்டது.

எனக்குச் சுருக்கென்றது. நானும் ஆரணி அத்தை மகனை வேண்டாம் என்றவள்தான். "வீட்டைப் பாத்துக்க ஆள் வேணும், நீ டீச்சர் வேற" என்றுதான் அத்தை பெண் கேட்டது. செயின்ட் ஜானும் நீ உழைக்கப் பிறந்தவள், காதலுக்கு அல்ல என்கிறான். இரண்டு வருஷமாக அத்தை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

இந்தியாவின் வெயிலுக்கும் சாவுக்கும் துணிந்தவள் தாலிக்கு மட்டும் ஏன் மாட்டேன் என்கிறாள்? ஆயாவுக்கு எப்படிச் சொல்வது?

திருப்பத்தூர்_வாத்தியார்:
பணத்தை விட்டுவிட்டாயே அம்மா. மதெய்ரா தீவில் இறந்த, ஜேனுடைய அப்பாவின் கூடப்பிறந்தவர் அவளுக்கு 20,000 பவுண்டு விட்டுப் போனார். அதை அத்தை பிள்ளைகள் மூவரோடு பங்கு போட்டும் ஜேன் கையில் 5,000 இருந்தது. வருஷத்துக்கு 30 பவுண்டு சம்பளத்தில் இருந்தவரை இந்தத் தைரியம் வருமா? கதை வந்த 1847-இல் அங்கே கல்யாணமானவளின் காசு புருஷன் கைக்குத்தான் போகும்.

பாலாற்று_மணல்:
சார், மன்னிக்கணும். ரோசெஸ்டரை விட்டு ஓடும்போது அவள் கையில் 20 ஷில்லிங்தான். அதையும் வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டாள். அப்புறம் எங்கே பணத்தால் வந்த தைரியம்?

ராணிப்பேட்டை_ராணி:
ஆயாவை ஒருநாள் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் கூட்டிப்போ. அதை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் 1870-இல் எங்கள் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் டாக்டருக்குப் படித்துவிட்டு 1900-இல் வேலூரில் ஒரே கட்டிலோடு வைத்தியத்தை ஆரம்பித்தார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜேன் கேட்டதும் இதைத்தானே? வேலைக்கு வருகிறேன், வேலைக்கு மட்டும்.

குடியாத்தம்_பொண்ணு:
வாத்தியார் ஐயா, ஆளுக்கு 5,000 என்றதும் ஆயா உங்கள் கட்சி. "பங்கு ஒழுங்கா குடுத்துட்டா இல்ல, அப்புறம் என்ன" என்றது. ஐடா அம்மாவைப் பற்றிச் சொன்னேன். "தெரியும், எங்கம்மா அவங்க கையாலதான் மருந்து வாங்குச்சு" என்று ஒரே போடு!

நேற்று ராத்திரி, அவன் இங்கே வந்தானா என்று கேட்டது. வந்தான், கல்யாணமே செய்துகொள்ளவில்லை, கதை முடியும்போது சாகிற நிலையில் இருக்கிறான் என்றேன். ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பாவம், யாரு கஞ்சி ஊத்துனாங்களோ."