ஜல்லியில் நிற்காத ஏபிஎஸ்ஸுக்கு எதற்குக் கூடுதல் காசு?

மலைப்பாதைக்காரன்:
போன வாரம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவுக்கு முன்னால், ரோடு போடக் கொட்டிய ஜல்லி இறைந்து கிடந்தது. பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் லீவர் கையில் டடடடவென்று அதிர்கிறதே தவிர வண்டி நிற்கிற வழியைக் காணோம், ஓரக் கல்லுக்கு ஒரு முழம் முன்னால்தான் நின்றது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல், அதாவது சுழலாமல் நின்றுவிடாமல், பார்த்துக்கொள்ளும் இந்த ஏபிஎஸ் இல்லாத என் பழைய வண்டி என்றால் பின்சக்கரத்தை இழுத்துவிட்டே நிறுத்தியிருப்பேன். இதையா 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கெல்லாம் கட்டாயம் என்று தலையில் கட்டினார்கள்?

கிரீஸ்கை:
அண்ணே, ஜல்லியில் தூரம் கூடும் என்பது உண்மைதான். லாக் ஆன சக்கரம் ஜல்லியை முன்னால் குவித்து அதிலேயே முட்டி நிற்கும், ஏபிஎஸ் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருப்பதால் அந்தக் குவியல் சேராது. ஆனால் முன்சக்கரம் அங்கே லாக் ஆகியிருந்தால் நீங்கள் இன்றைக்கு டைப் அடித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். சக்கரம் உருண்டால்தான் வண்டி ஹேண்டில் பேச்சைக் கேட்கும். டிஸ்க் பக்கத்தில் துளைத்துளையாக ஒரு வளையம் இருக்கிறதே, அதை வைத்துத்தான் சென்சார் சக்கர வேகத்தை எண்ணுகிறது. சக்கரம் சட்டென்று நிற்கப் பார்த்தால் பிரஷரை விட்டு விட்டுப் பிடிக்கும், நொடிக்குப் பல தடவை. உங்கள் கையில் அதிர்ந்தது அதுதான்.

மலைப்பாதைக்காரன்:
இருபது வருஷமாக ஓட்டுகிறேன் தம்பி. விட்டு விட்டுப் பிடிக்க என் விரலுக்கே தெரியும்.

கிரீஸ்கை:
தயாராக இருக்கும்போது தெரியும். மழை ஈரத்தில் திடீரென்று நாய் குறுக்கே வந்தால் எந்த விரலும் யோசிக்காது, அப்படியே இறுக்கிவிடும்.

ஸ்டாண்டுக்காரன்:
அண்ணன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 1980களில் ஜெர்மனியின் மியூனிக்கில் டாக்சிகளில் சிலவற்றுக்கு மட்டும் ஏபிஎஸ் போட்டு ஓடவிட்டுப் பார்த்தார்கள். விபத்து பெரிதாகக் குறையவில்லை. ஏபிஎஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் முன்வண்டியை ஒட்டிப் போனார்கள், வளைவில் வெடுக்கென்று திருப்பினார்கள். என் ஸ்டாண்டிலும் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள், சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

கிரீஸ்கை:
அது ஓட்டுகிறவன் கோளாறு, பிரேக் என்ன செய்யும்? 60-இல் போகிறவன் 80-இல் போனால் நிற்கிற தூரம் முக்கால் மடங்குக்கு மேல் கூடுகிறது, அதை எந்த ஏபிஎஸ்ஸும் ஈடுகட்டாது. அப்புறம், காரில் லாக் ஆனால் திருப்ப முடியாமல் நேரே போய் இடிக்கும், பைக்கில் ஆளே கீழே. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசாதீர்கள். சரி அண்ணே, உங்கள் வண்டி சிங்கிள் சேனலா, டூயலா?

மலைப்பாதைக்காரன்:
சிங்கிள்தான். ஏன்?

கிரீஸ்கை:
அப்படியென்றால் ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும்தான். பின்சக்கரத்தை இழுத்து நிறுத்த உங்களை யார் தடுத்தார்கள்?

மலைப்பாதைக்காரன்:
...பின் பிரேக்கை மிதித்த ஞாபகமே இல்லை தம்பி.