ரிங் பஃபரில் ஈவென்ட் இருக்கும்போதே கோர் தூங்கிவிடுகிறது, எங்கே தப்பு?

கேள்வி:
நான்கு கோர்களில் (பிராசஸரின் தனித்தனி செயல் அலகுகள்) ஓடும் ஷெட்யூலர் (வேலைகளைப் பகிர்ந்து ஓட்டும் நிரல்) ஒன்றை சி++-இல் எழுதி வருகிறேன். ஒவ்வொரு கோர் ஜோடிக்கும் திசைக்கு ஒன்றாக மொத்தம் 12 ரிங் (ஈவென்ட்களைக் கைமாற்றும் வட்ட வரிசை). ஒவ்வொன்றிலும் 1024 இடம், எழுதுவது ஒரே கோர், படிப்பது ஒரே கோர். ஹெட் (படிக்கும் இடம்), டெய்ல் (எழுதும் இடம்) இரண்டும் அட்டாமிக் (பாதியில் குறுக்கிட முடியாதவை); படிப்பு, எழுத்தின் வரிசையைக் காக்கும் அக்வயர், ரிலீஸ் குறிகளைச் சரியாகவே போட்டிருக்கிறேன்.

வேலை இல்லாத கோர் தன் "தூங்குகிறேன்" கொடியை 1 ஆக்கும், தனக்கு வரும் ரிங்குகளை ஒருமுறை பார்க்கும், எல்லாம் காலி என்றால் ஃபியூடெக்ஸில் (கொடி இன்னும் 1 தானா என்று பார்த்து, யாராவது எழுப்பும்வரை தூங்க வைக்கும் லினக்ஸ் வசதி) தூங்கும். ஈவென்ட் போடுகிறவர் டெய்லை நகர்த்திவிட்டு அந்தக் கொடியைப் பார்ப்பார். 1 என்றால் 0 ஆக்கி எழுப்புவார்.

சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கோர் எழுவதே இல்லை. அடுத்த ஈவென்ட் வந்தால் எழுந்து இரண்டையும் சேர்த்து முடிக்கிறது. நடப்பதை அச்சிட்டுப் பார்க்க பிரின்ட்எஃப் போட்டால் பிரச்சினை காணாமல் போகிறது. 10 மில்லி விநாடி டைம்அவுட் வைத்து ஒப்பேற்றலாம், மனசு ஒப்பவில்லை. எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை பிராசஸர்) மெஷின்தான், அதில் வரிசை மாறும் சிக்கலெல்லாம் வராது என்பார்களே?

பதில் 1:
கொடியை வோலடைல் ஆக்கிப் பாருங்கள்.

பதில் 2:
வோலடைல் உதவாது. அது கம்பைலரைத்தான் கட்டுப்படுத்தும், பிராசஸரை அல்ல.

உங்கள் ரிங் சரி. சிக்கல் தூங்கும் இடத்தில். இரண்டு பேருமே ஒன்றை எழுதிவிட்டு வேறொன்றைப் படிக்கிறீர்கள். எழுதியது முதலில் ஸ்டோர் பஃபரில் (அந்தக் கோருக்கு மட்டுமே தெரியும் தற்காலிக இடம்) போய் உட்காரும். அது மற்ற கோர்களுக்கும் தெரியும் கேஷுக்குப் போவதற்குள் அடுத்த படிப்பு முடிந்துவிடலாம். எக்ஸ்86 அனுமதிக்கும் வரிசை மாற்றம் இது ஒன்றுதான், நீங்கள் சரியாக அதிலேயே கால் வைத்திருக்கிறீர்கள். போடுகிறவர் கண்ணுக்குக் கொடி 0, தூங்குகிறவர் கண்ணுக்குப் பழைய டெய்ல். ஃபியூடெக்ஸ் கொடியை மறுபடி சரிபார்த்தாலும் அது 1 ஆகவே இருக்கும், ஆக நிம்மதியாகத் தூங்கிவிடும். அக்வயர், ரிலீஸ் இதைத் தடுக்காது.

எழுதுவதற்கும் படிப்பதற்கும் நடுவே செக்-சிஎஸ்டி ஃபென்ஸ் (முன் எழுதியது வெளியே தெரிந்த பிறகே அடுத்ததைப் படிக்க விடும் தடுப்பு) வேண்டும், இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் பயனில்லை. பிரின்ட்எஃப் உள்ளே லாக் எடுக்கிறது, நேரத்தையும் மாற்றுகிறது, அதனால்தான் ஒளிந்துகொண்டது.

கேட்டவர்:
போட்டேன், ராத்திரி முழுக்க ஓடியது, ஒரு கோர்கூடச் சிக்கவில்லை. மிக்க நன்றி. ஆனால் ஈவென்ட் போடும் ஒவ்வொரு புஷ்ஷுக்கும் முழு ஃபென்ஸ், வேகம் நன்றாகவே அடிவாங்குகிறது.

பதில் 3:
32 ஈவென்ட்டை ஸ்லாட்டுகளில் எழுதிவிட்டு டெய்லை ஒரே தடவை நகர்த்துங்கள், ஃபென்ஸும் ஒன்றே போதும். அப்புறம், ஹெட்டும் டெய்லும் ஒரே 64 பைட் கேஷ் லைனில் (கோர்களுக்கிடையே ஒன்றாகவே நகரும் நினைவகத் துண்டு) இருந்தால் பிரித்து வையுங்கள். ஹெட்டின் நகல் ஒன்றை ஈவென்ட் போடுகிறவர் கையில் வைத்துக்கொண்டு, ரிங் நிறைந்ததுபோலத் தெரிந்தால் மட்டும் நிஜ ஹெட்டைப் படிக்கட்டும். என் அனுபவத்தில் ஃபென்ஸைவிட இதில்தான் அதிகம் மிச்சமானது.

கேட்டவர்:
வேகம் திரும்பிவிட்டது, பழைய வியாதியும் கூடவே! ஒற்றை ஈவென்ட் மறுபடி மாட்டிக்கொள்கிறது.

பதில் 3:
32 சேரும்வரை காத்திருக்கிறீர்களா? லூப்பின் ஒவ்வொரு சுற்று முடிவிலும் கையில் இருப்பதை வெளியிட்டுவிடுங்கள், ஒன்றே ஒன்றானாலும். தூங்கப் போகும் முன் கட்டாயம்.

கேட்டவர்:
அதேதான். சரியாகிவிட்டது.