கிழக்கு லண்டனில் இரட்சணிய சேனை: முதலில் வந்தது ரொட்டியா, பிரசங்கமா?

தெற்குத்தெரு (வினா)

எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் 19-ஆம் நூற்றாண்டு லண்டனின் ஏழ்மையைப் பற்றிப் பேசும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. 1801-இல் ஏறத்தாழ 10 லட்சம் பேர் வாழ்ந்த நகரம், நூறாண்டுகளில் சுற்றுப்புறங்களையும் சேர்த்து 65 லட்சத்தை எட்டியது. துறைமுக வாயிலில் காலையில் கூடி, அன்றைக்குக் கூலி கிடைத்தால் மட்டுமே அடுப்பெரிந்த குடும்பங்கள் கிழக்குப் பகுதியில் குவிந்தன. அவர்களிடையே, இரட்சணிய சேனை (Salvation Army) என்ற கிறிஸ்தவ அமைப்பை நிறுவிய பிரசங்கியார் வில்லியம் பூத் நடத்திய ஊழியத்தைப் பற்றி நண்பர்களிடையே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. பசித்தவனுக்கு ரொட்டியைக் காட்டி ஆள் பிடித்தார்கள் என்பது ஒரு கட்சி. அரசு கைவிட்டவர்களை அவர்கள்தாம் தாங்கினார்கள் என்பது மற்றொன்று. எதைச் சான்றாகக் கொண்டு இதைப் பேசுவது என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நூலகமூலை

ஐயா, காலவரிசையைப் பார்த்தாலே முதல் கட்சியின் வாதம் பாதி தளர்ந்துவிடும். பூத் 1865-இல் கிழக்கு லண்டனின் வொயிட்சேப்பலில், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பழைய இடுகாட்டில் போட்ட கூடாரத்தில் பேசத் தொடங்கியபோது அவரிடம் கொடுப்பதற்கு ரொட்டி இல்லை. நரகத்தைப் பற்றிய பிரசங்கம்தான் இருந்தது. மனந்திரும்பியவர்களை அந்தந்த வட்டாரத்துச் சபைகளுக்கு அனுப்பிவிடலாம் என்பதே அவருடைய முதல் எண்ணம். ஆனால் வாடகை கொடுத்தவர்கள் தங்களுக்கென்று இருக்கைகளை ஒதுக்கி வைத்திருந்த கோயில்களுக்குள், கிழிந்த சட்டையுடன் போக அவர்கள் கூசினார்கள். போனவர்களுக்கும் முகமலர்ந்த வரவேற்பு கிடைக்கவில்லை. ஆகவே தனி அமைப்பு ஒன்று தேவைப்பட்டது. 1878-இல் அது இரட்சணிய சேனை என்ற பெயரைப் பெற்றது. நாம் மதமாற்றம் என்று வழக்கமாகச் சொல்வதும் இங்கே சரியாகப் பொருந்தாது. அவர்களில் பெரும்பாலோர் பெயரளவிலாவது கிறிஸ்தவர்களே.

இடையில் 1870-களில் மலிவு உணவுக் கடைகளை நடத்திப் பார்த்து, கட்டுப்படியாகாமல் மூடிவிட்டார்கள். லைம்ஹவுஸில் உணவுக்கூடமும் இரவுத் தங்கலிடமும் திறந்தது 1888-இல்தான். ஆத்தும ஆதாயத்துக்காக, அதாவது ஆன்மாக்களை மீட்பதற்காகப் போனவர்கள், வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பவன் காதில் எதுவும் ஏறாது என்பதை இருபது ஆண்டுகளுக்கு மேல் பட்டுத் தெரிந்துகொண்டார்கள் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

மணல்மேடு

மேலே எழுதிய நண்பரின் வரிசை சரி. ஆனால் 1888-க்குப் பிறகு நடந்ததை அவர் எளிதாகக் கடந்துவிடுகிறார். தங்கலிடத்தில் ஓர் இரவுக்கு நான்கு பென்னி. அதற்கு இரவு உணவும் காலை உணவும் உண்டு; படுக்க, தரையில் வரிசையாக வைத்த, சவப்பெட்டியை நினைவூட்டும் மரப்பெட்டிகள். உள்ளே கடற்பாசி அடைத்த மெத்தை, போர்த்திக்கொள்ளத் தோல் விரிப்பு. துணிப் போர்வையில் பேன் பற்றும், தோலைத் துடைத்துவிடலாம் என்பது கணக்கு. காசில்லாதவன் வேலை செய்து கழிக்கலாம். உணவுக்கூடத்தில் குழந்தைக்கு ஒரு கிண்ணம் சூப் கால் பென்னி. இலவசம் மனிதனின் மானத்தைக் கெடுக்கும் என்று பூத் உறுதியாக நம்பினார். ஆனால் உணவுக்கும் உறக்கத்துக்கும் நடுவில் பாட்டும், மனந்திரும்பிய கதையைச் சொல்லும் சாட்சியும், ஜெபமுமாக ஒரு கூட்டம் நடந்தது. வெளியே ஜனவரிக் குளிர் இருக்கும்போது, எழுந்து போக விரும்புகிறவன் எங்கே போவான்? அதையும் விலையின் ஒரு பகுதியாகவே நான் கொள்வேன்.

அக்காலத்திலேயே எதிர்ப்பும் இருந்தது. விஞ்ஞானி தாமஸ் ஹக்ஸ்லி 1890-இன் இறுதியில் டைம்ஸ் இதழுக்குத் தொடர்ந்து கடிதங்கள் எழுதினார். ஒரே மனிதரின் கட்டளைக்கு அடங்கிய படையிடம் பொதுமக்கள் கொடுத்த இவ்வளவு பணத்தையும் ஏழைகளையும் ஒப்படைப்பது ஆபத்து என்பது அவர் வாதத்தின் சாரம். பணம் திருடப்படவில்லை என்று 1892-இல் ஒரு விசாரணைக் குழு கண்டது; அதிகாரம் பற்றிய கேள்விக்கு அது விடையாகாது.

கரிசல்காட்டான்

நான் கோவில்பட்டிப் பக்கத்தவன். வீட்டில் தீப்பெட்டி ஒட்டி வளர்ந்தவன் என்பதால் எனக்கு இதில் பெரிதாகப் படுவது கூட்டமோ மெத்தையோ அல்ல, 1891-இல் கிழக்கு லண்டனின் ஓல்டு ஃபோர்டு வட்டாரத்தில் சேனை திறந்த தீக்குச்சித் தொழிற்சாலைதான். அக்காலத்தில் தீக்குச்சி செய்யப் பயன்பட்ட வெண்பாஸ்பரஸின் நச்சுப்புகை பட்டுத் தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகியது. முதலில் பல்வலி, பிறகு வீக்கம், அதன்பின் சீழ் நாற்றத்தில் பக்கத்தில் உட்காரவும் முடியாது. 1888-இல் பிரையன்ட் அண்ட் மே தீக்குச்சி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்காக எழுதியவர் பின்னாளில் நம் அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட். சேனை அந்த நஞ்சில்லாத செம்பாஸ்பரஸைப் பயன்படுத்தியது. 144 பெட்டிகள் கொண்ட ஒரு குரோஸுக்கு மற்றவர்கள் இரண்டரைப் பென்னி அளவில் கொடுத்தபோது நான்கு பென்னி கூலி கொடுத்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களையும் செய்தியாளர்களையும் தன் ஆலைக்கு மட்டுமின்றிப் பெட்டி ஒட்டுகிறவர்களின் வீடுகளுக்கும் அழைத்துச் சென்றது.

குரோஸுக்கு ஒன்றரைப் பென்னி கூடக் கிடைப்பது எவ்வளவு என்று, விரல் முழுக்கப் பசை காய்ந்து இரவு பதினொரு மணிக்குக் கடைசிக் கட்டை எண்ணி வைத்தவர்களுக்குத் தெரியும். என் அம்மா அந்தக் காசை எந்தக் கடவுளின் பெயரால் கொடுக்கிறீர்கள் என்று கேட்டிருக்க மாட்டார்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: அந்தக் குச்சி விலை கூடியது, பெட்டியில் உரசினால் மட்டுமே பற்றும், ஆகவே மக்கள் பழைய குச்சியையே வாங்கினார்கள். பத்தாண்டுகளில் ஆலை கைமாறியது. வெண்பாஸ்பரஸ் தீக்குச்சியை பிரிட்டன் தடை செய்தது 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான்.

தெற்குத்தெரு

மூவருக்கும் நன்றி. மணல்மேடு ஐயா சொன்ன கூட்டத்தையும் கரிசல்காட்டார் சொன்ன ஒன்றரைப் பென்னியையும் அடுத்தடுத்து வைத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன். வண்டிக் குதிரை தெருவில் விழுந்தால் தூக்கி நிறுத்துகிறார்கள், அதற்குத் தீனியும் கொட்டிலும் வேலையும் உண்டு, மனிதனுக்கு அந்த அளவாவது வேண்டும் என்று பூத் 1890-இல் எழுதியதிலிருந்து தொடங்கலாமா?

கரிசல்காட்டான்

தொடங்குங்கள் ஐயா. ஆனால் குதிரைக்குத் தீனி வைக்குமுன் யாரும் அதற்கு ஜெபம் சொல்லித் தரவில்லையே என்று மணல்மேடு கேட்பார். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.