முதுகெலும்பு முறிவுக்கு ஸ்டெம் செல் ஊசி: இந்தியாவுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

தலவாக்கலை தம்பி:
எங்க சித்தப்பா போன வருஷம் தேயிலை மலையில நிழல் மரத்துக்குக் கிளை வெட்டும்போது விழுந்துட்டாரு. இடுப்புக்குக் கீழ உணர்வே இல்ல, லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, படுத்த படுக்கைதான். இந்தியாவுல ஒரு தனியார் கிளினிக், எலும்பு மஜ்ஜையில இருந்து ஸ்டெம் செல் (வேற வகை செல்லா வளரக்கூடிய மூல செல்) எடுத்து முதுகுல ஊசி போட்டா நடக்கலாம்னு சொல்லுது. சித்தி தாலிக்கொடிய அடகு வைக்கப் போறாங்க. ஜப்பான்ல ஒருத்தர் எழும்பி நின்னாராமே, அப்போ ஏன் போகக் கூடாது?

ஹட்டன் நர்ஸ்:
தம்பி, அது கெயோ பல்கலைக்கழகம் 2021 டிசம்பர்ல தொடங்கின சோதனை. மொத்தமே 4 பேர். தானமா கிடைச்ச செல்ல ஐபிஎஸ் செல்லா, அதாவது எந்த வகை செல்லாவும் வளரக்கூடிய நிலைக்கு, மாத்தி, அதுல இருந்து நரம்புக்கான செல் வளர்த்து, ஆளுக்கு சுமார் 20 லட்சம் செல் வச்சாங்க. அதுவும் அடிபட்ட சில வாரத்துக்குள்ள. 2025 மார்ச்ல சொன்ன முடிவுப்படி ஒருத்தர் நிக்கிறார், இன்னொருத்தருக்கு கை கால் அசையுது, மத்த ரெண்டு பேருக்கு பெரிய மாற்றம் இல்ல. அடிபட்ட புதுசுல சிலருக்குத் தானாவே கொஞ்சம் திரும்பும்கிறதையும் மறக்காதீங்க. வருஷம் போனா தண்டுவடத்துல தழும்பு கட்டிடும். சித்தப்பாவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

கொழுந்துமலை:
அக்கா, அமெரிக்காவுல மாயோ கிளினிக்ங்கிற பெரிய ஆஸ்பத்திரியில 10 பேருக்கு அவங்கவங்க கொழுப்புல இருந்து எடுத்த செல்ல ஏத்தினதுல 7 பேருக்கு முன்னேற்றம்னு 2024ல வந்துச்சே! அவங்களும் அடிபட்டு மாசக்கணக்கானவங்கதான். காத்திருங்கன்னு சொல்றது லேசு. 2010ல அமெரிக்காவுல கெரோன் கம்பனி கருவுல இருந்து எடுத்த ஸ்டெம் செல்லுல வளர்த்த செல்ல முதல் நோயாளிக்குப் போட்டுச்சு, அடுத்த வருஷமே காசுக் கணக்குப் பார்த்து நிறுத்திருச்சு. இப்படியே போனா தோட்டத்து ஆளுக்கு எப்ப வந்து சேரும்?

ஹட்டன் நர்ஸ்:
அந்த 7 பேரும் எழும்பி நடக்கல. ஊசி முனை பட்டா தெரியுது, தசையில கொஞ்சம் பலம், சிலருக்கு மலத்த அடக்குற சக்தி. அதுவே பெரிய விஷயம், நான் குறைச்சுச் சொல்லல. ஆனா இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தோட 2017 வழிகாட்டியே, முதுகுத்தண்டுக்கு ஸ்டெம் செல்ல பதிவான சோதனையில மட்டும்தான் போடலாம், அதுக்கு நோயாளிகிட்ட காசு வாங்கக் கூடாதுன்னு சொல்லுது. காசு கேக்குற இடம் எதுன்னு நீங்களே யோசிங்க. ஆபத்தும் இருக்கு: போர்த்துக்கல்ல இதே மாதிரி குணமாகும்னு மூக்குத் திசுவ முதுகுல வச்ச ஒரு பொண்ணுக்கு 8 வருஷம் கழிச்சு அங்க கட்டி வளர்ந்து, அதுக்குள்ள சளி மாதிரி சுரந்திருக்கு. 2014ல டொக்டர்மாரே எழுதினது.

சக்கர நாற்காலி, பதுளை:
நானும் விழுந்தவன்தான் தம்பி. சித்தப்பாவுக்குப் படுக்கைப் புண் இருக்கா? முதல்ல அதப் பாரு. ரெண்டு மணிக்கொரு தடவ புரட்டிப் போடணும், குதிகாலையும் பின்பக்கத்தையும் வெளிச்சத்துல பாக்கணும், சிறுநீர்க் குழாயச் சுத்தமா வச்சிருக்கணும். எங்காளுகளோட உசுர எடுக்கிறது பெரும்பாலும் புண்ணும் சிறுநீர்க் கிருமியும்தான். கண்டிப் பக்கம் இருக்கிற திகன புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு டொக்டர்கிட்ட கடிதம் எழுதித் தரச் சொல்லு. கட்டில்ல இருந்து நாற்காலிக்கு மாறுறதெல்லாம் அங்க பழக்குவாங்க. தாலிக்கொடிய வைக்கிறதுன்னா லயத்து வாசல் படிய உடைச்சுச் சரிவு கட்டவும், கக்கூஸ் கதவ அகலமாக்கவும் வைங்க.

கொழுந்துமலை:
சரிவு கட்டுங்க, நான் வேணாம்னு சொல்லல. ஆனா நடக்குற ஆசைய விட்டுடச் சொல்லாதீங்க.

ஹட்டன் நர்ஸ்:
விடச் சொல்லல. காசு கேக்காத சோதனை, சித்தப்பா மாதிரிப் பழைய காயத்துக்கும் ஆள் சேர்த்தா, மனு எழுத நானே உதவுறேன்.

தலவாக்கலை தம்பி:
கிளினிக்குக்கு போன் பண்ணி சோதனைப் பதிவு இலக்கம் கேட்டேன். அதச் சொல்லாம, முன்பணம் எப்ப கட்டுவீங்கன்னுதான் கேட்டாங்க. கொடிய அடகு வைக்க வேணாம்னு சித்திகிட்ட சொல்லிட்டேன். அக்கா, திகனைக்குக் கடிதம் தோட்ட டிஸ்பென்சரியில வாங்கணுமா, ஆஸ்பத்திரியிலயா?